வாத்தியாரின் நாற்பது சொற்கள்

திரைச்சீலைக் கடையில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த முதலாளிக்கும் அவள் அக்காதான். கழுத்தில் அளவு நாடா, வாயில் நாலைந்து குண்டூசி, காலடியில் துணிக்குவியல், இதுதான் அக்கா. இருபத்தாறு வருஷமாக ஜன்னல்களுக்குத் திரை தைக்கிறாள். ஒரு வீட்டுக்குப் போய் ஜன்னலை ஒரு தடவை பார்த்தால் போதும், எத்தனை மடிப்பு, எவ்வளவு துணி என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவாள். பூப்போட்ட துணியை அவள் ஒட்டுப்போட்டால் இந்தத் துண்டில் பாதியும் அந்தத் துண்டில் பாதியுமாக இருந்த பூ, ஒரே பூவாக நிற்கும். திரை அலையாமல் நேராகத் தொங்குவதற்காக அடிமடிப்புக்குள் பட்டாணி அளவு ஈயக்கட்டிகளை வைத்துத் தைப்பார்கள். அதைக்கூடத் தராசில் வைக்காமல் உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தே போடுவாள். கத்திரி வைத்தால் வைத்ததுதான். அக்கா வெட்டிய துணி வீணாகப் போனதாக அந்தக் கடையில் யாரும் சொன்னதில்லை.

அப்பேர்ப்பட்டவள் வீட்டுப் படியேறினால் மக்கு. புருஷன் ஆங்கில வாத்தியார். அவர் பார்வையில் உலகமே மக்குதான், அதில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவள் தன் பெண்டாட்டி.

ஆங்கிலத்தில் ஒரு விசித்திரமான சாதி உண்டு. எழுதினால் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும், வாயில் வரும்போது வேறு வேறாக வரும். எல், ஈ, ஏ, டி என்று நாலே எழுத்து. லீட் என்றால் வழிநடத்து, லெட் என்றால் ஈயம். இன்னொன்று, டியர் என்றால் கண்ணீர், டேர் என்றால் கிழி. விண்ட் என்றால் காற்று, வைண்ட் என்றால் சுற்று. எந்த இடத்தில் எதைச் சொல்ல வேண்டும் என்பதை முன்னாலும் பின்னாலும் இருக்கிற வார்த்தைகளைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த மாதிரி நாற்பது சொற்களை வாத்தியார் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியம் எழுதி, தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறை போட்டு, சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச்சுவரில் மாட்டியிருந்தார்.

நம் எழுத்தும் ஒன்றும் யோக்கியமில்லை. கடலில் வருகிற அதே 'க'தான் மகளிலும் வருகிறது, இரண்டையும் ஒரே மாதிரியா சொல்கிறோம்? ஆனால் அதற்காக யாரும் யாருடைய சாப்பாட்டுத் தட்டையும் கவிழ்த்ததில்லை. வாத்தியார் கவிழ்த்தார்.

அந்த வீட்டின் வழக்கம் அது. சாயங்காலம் ஏழு மணிக்குச் சாப்பாடு. எல்லோருக்கும் பரிமாறியாகிவிடும். வாத்தியார் சுவரைப் பார்க்காமலே ஒரு சொல்லைச் சொல்லி எழுத்துக்கூட்டுவார். அந்தச் சொல்லை இரண்டு விதமாகவும் வைத்து இரண்டு வாக்கியம் சொல்ல வேண்டும். தப்பினால் "மறுபடி" என்பார். மறுபடியும் தப்பினால் கையை நீட்டி அவர்கள் தட்டைச் சோற்றோடு மேசைமேல் குப்புறக் கவிழ்ப்பார். கவிழ்த்த தட்டுக்காரர் மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்து நிற்க வேண்டும். அடித்ததாக ஒரு வார்த்தை வரக்கூடாது பாருங்கள், வாத்தியார் கைநீட்டி யாரையும் அடித்ததே இல்லை. ஒரே மகள். ஏழு வயதில் ஒரு நாள் நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்துவிட்டாள். துணி எடுத்துவந்து அவளையே துடைக்கச் சொன்னார். துடைத்து முடித்ததும் மறுபடி என்றார். பதினெட்டு வயதில் படிப்பு என்று சொல்லிக்கொண்டு வெளியூர் போனவள், படிப்பு முடிந்த பிறகும் அங்கேயே ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டு தங்கிவிட்டாள்.

அக்காவுக்கு அந்த நாற்பதும் தெரியாமலில்லை. இருபத்தெட்டு வருஷம் தட்டு கவிழ்ந்ததில் அத்தனையும் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். விருந்தாளிகள் வந்துவிட்டால் வாத்தியாருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. அவளைக் கூப்பிட்டு நிறுத்துவார். இவள் தைக்கிறவள், ஆங்கிலத்தில் தைக்கிறவள் சோவர், சாக்கடை சூவர், இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள், இவள் எதுவென்று நீங்களே சொல்லுங்கள் என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்காவிட்டால் அடுத்த கேள்வி தங்களுக்கு வந்துவிடுமோ என்ற பயம். அக்கா டீக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள்.

அவள் அப்பா செத்த சேதி வந்த சாயங்காலத்தையும் சொல்லிவிட வேண்டும். அப்பா காலில் புண் ஆறாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அண்ணனின் போனில் தமிழ் எழுத்து இல்லாத காலம், ஆங்கிலத்தில் இரண்டு வரி அனுப்பியிருந்தான். காயத்தில் சீழ் வைத்துவிட்டது, அப்பா போய்விட்டார் என்று. அதை வாய்விட்டுப் படித்தாள். காயத்துக்கான சொல்லை வவுண்ட் என்று படித்துவிட்டாள்.

வாத்தியார் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல், "சுத்தினாத்தான் வவுண்ட். காயம்னா வூண்ட். மறுபடி படி," என்றார்.

படித்தாள். இரண்டாம் தடவை அழுகை வந்து சொல் பாதியில் உடைந்தது. மூன்றாம் தடவை சரியாக வந்தது. அப்புறம்தான் அந்த வரியின் மிச்சம் அவர் காதில் விழுந்தது. அடடா என்றார். இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்றால், இருந்தான், தினமும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தான்.

பள்ளிக்கூடத்திலும் அவருக்கு 'மறுபடி' என்றுதான் பட்டப்பெயர். அங்கே இன்னும் ஒரு படி மேல். ஒரு பிள்ளை தப்பாகச் சொன்னால் வாத்தியார் கையைத் தூக்குவார், மிச்சம் முப்பத்தொன்பது பிள்ளைகளும் ஒரே குரலில் "மறுபடி" என்று கத்த வேண்டும். கத்தாதவர்கள் அடுத்து எழுந்து நிற்க வேண்டும். அப்படி ஒரு நாள் கையைத் தூக்கியவர்தான், தூக்கிய கை தூக்கியபடி இருக்க, வலது பக்கமாகச் சரிந்து கரும்பலகை ஓரம் விழுந்தார். பிள்ளைகள் அசையவில்லை. கத்தச் சொல்கிறாரா, சும்மா இருக்கச் சொல்கிறாரா என்று தெரியாமல் காத்திருந்தார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியை வந்து பார்த்துத்தான் ஆட்களைக் கூப்பிட்டாள்.

மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. பிழைத்துக்கொண்டார். வலது கையும் காலும் மெதுவாக வந்தன. பேச்சு திரும்பியது, தமிழ் பேசினார், ஆங்கிலமும் பேசினார். போனது ஒன்றே ஒன்றுதான். அந்த நாற்பது சொற்கள். லீட், லெட் இரண்டையும் லீட் என்றே படித்தார். அதைவிட மோசம், தான் சொன்னது எது என்று அவருக்கே கேட்கவில்லை. சொல்லிவிட்டு எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து "சரியா?" என்பார். உலகத்துக்கே தப்புச் சொன்ன காது, தன் தப்பைத் தானே பிடிக்க முடியாத காதாகிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் எட்டு மாதம் விடுப்புக் கொடுத்தார்கள். விடுமுறை முடிந்து திறக்கிற திங்கட்கிழமை வந்து வகுப்பை எடுத்துக்கொள்ளலாம், முடியாவிட்டால் விலகல் கடிதம் தந்துவிடலாம் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டாள். வாத்தியாருக்கு அது உயிர்ப் பிரச்சினை. அதே சமயம் ஒரு சொல்லைத் தப்பாகச் சொல்லி, நாற்பது பிள்ளைகளும் தன்னைப் பார்த்து மறுபடி என்று கத்துவதை நினைத்தாலே அவருக்கு வியர்த்தது. நாற்பதும் சரியாக வந்தால்தான் அந்த வாசலை மிதிப்பேன் என்று சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி மாதம் இரண்டு தடவை வந்தாள். படங்களைக் காட்டிப் பெயர் கேட்பாள், கதை சொல்லச் சொல்வாள். அந்தச் சொற்பட்டியலைப் பார்த்து, இதெல்லாம் எனக்கே தடுமாறும் சார் என்று சிரித்துவிட்டு ஒரு நோட்டை அக்காவிடம் கொடுத்தாள். தினமும் காலையில் அவர் எண்பது வாக்கியத்தையும் படிக்க வேண்டும், அக்கா கேட்டு, சரியானால் டிக், தப்பானால் குறுக்குக்கோடு போட வேண்டும், மறுதடவை வரும்போது நோட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அக்காவுக்கு முதலில் புரியவே இல்லை. நானா போடுவது என்று இரண்டு தடவை கேட்டாள்.

முதல் இரண்டு மாதம் அவள் நேர்மையாகத்தான் போட்டாள். இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். கடைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்லச் சொல்லிக் கேட்டு, வராததை மெதுவாகச் சொல்லிக்கொடுத்தாள். அவர் அவள் உதட்டைப் பார்த்துச் சொன்னார். குரலில் அதட்டல் இல்லை. ஒரு நாள், "நீ இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேன்," என்றார். அன்றைக்கு அக்கா பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தனியாகச் சிரித்தாள். வியாதி வந்தாலும் வந்தது, ஒரு மனுஷனைக் கொண்டுவந்து விட்டுப் போயிருக்கிறது என்று நினைத்தாள்.

மூன்றாம் மாதம் ஒரு நாள் காலையில் வரிசையாகப் பதினாறு டிக் விழுந்தது. அவருக்கும் சந்தோஷம், அவளுக்கும் சந்தோஷம். அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்ததும் வாத்தியார் ஒரு சொல்லை எழுத்துக்கூட்டி, நீ சொல்லு பார்ப்போம் என்றார். விளையாட்டு என்று நினைத்து அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரிப்பில் ஒன்று தப்பிவிட்டது. மறுபடி என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஸ்பூனைப் பிடிக்க வராத வலது கை மேசைமேல் ஊர்ந்துவந்து, அவள் தட்டின் விளிம்பில் இரண்டு விரலை நுழைத்து, தூக்கிக் கவிழ்த்தது. எதற்கும் வராத கை, அதற்கு வந்தது.

அக்கா எழுந்து நின்றாள். அவர் சாப்பிட்டு முடித்தார். மேசையைத் துடைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். விடிந்து எழுந்தபோது அவள் மனசில் கோபம்கூட இல்லை. துணியை விரித்துப் போட்டு எங்கே கத்திரி வைப்பது என்று பார்க்கிறபோது இருக்கிற நிதானம்தான் இருந்தது.

காலையில் வாத்தியார் படித்தார். லெட், ஈயம். அருமையாக வந்தது.

"சரியா?"

"இல்லீங்க," என்றாள் அக்கா. நோட்டில் ஒரு குறுக்குக்கோடு போட்டாள்.

அவர் முகம் சுருங்கியது. மறுபடி சொன்னார். அதுவும் சரிதான். அக்கா தலையை ஆட்டி இன்னொரு கோடு போட்டாள். மூன்றாம் தடவை அவர் பயந்துபோய் லீட் என்று தப்பாகச் சொன்னார். அதற்கு ஒரு டிக் போட்டாள்.

அவ்வளவு சுலபம். காகிதத்தில் எழுத்து ஒன்றுதானே, அவர் வாயில் எந்தச் சத்தம் வந்தது என்று நோட்டு எப்படிச் சாட்சி சொல்லும்? நாளாக நாளாக அவர் வாயில் சரியாக வந்ததுதான் அதிகம், நோட்டில் பக்கம் பக்கமாகக் கோடு விழுந்தது. எல்லாமே கோடாகப் போட்டால் மனுஷன் முயற்சியையே விட்டுவிடுவார் என்று விட்டுப் பிடித்தாள். ஒரு நாளைக்கு ஆறு டிக், மறுநாள் ஒன்பது, அதற்கடுத்த நாள் இரண்டு. பேச்சுப் பயிற்சிப் பெண் நோட்டைப் புரட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினாள். ஒரு நாளைக்கூட விடாமல் எழுதியிருக்கிறீர்கள், உங்களை மாதிரிப் பொறுமைசாலியை நான் பார்த்ததில்லை என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வேறு யாரிடமாவது வாத்தியார் சொல்லிக் காட்டியிருக்கலாமே என்றால், யாரிடம்? அவருக்கு நண்பர்கள் கிடையாது. மாணவர்கள்தான் உண்டு, அவர்களும் மணியடித்ததும் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு ஓடியவர்கள்.

அக்காவுக்கு அது பிடித்திருந்தது. மூடி மறைப்பானேன், ரொம்பவே பிடித்திருந்தது. ஒவ்வொரு "சரியா?"வுக்கும் ஒரு நொடி பேசாமல் இருப்பாள். அந்த ஒரு நொடியில் அவர் கண் அவள் முகத்தில் அலைவதைப் பார்ப்பாள். ஆனைக்கொரு காலம் வந்தால் பூனைக்கொரு காலம் வரும் என்பார்கள், பூனை அந்தக் காலத்தை அவசரப்பட்டுச் செலவழிக்கவில்லை. ஐந்தாம் மாதம் வாத்தியார் போனை எடுப்பதை நிறுத்தினார். ஆறாம் மாதம் தமிழிலும் தயங்க ஆரம்பித்தார். தண்ணி என்று கேட்டுவிட்டு, சொன்னது தண்ணிதானா என்று அவளைப் பார்த்தார். சாப்பாட்டு மேசையில் பேச்சே இல்லை. இருபத்தெட்டு வருஷத்தில் முதல்முறையாக அக்கா சூடான சோற்றைச் சூடாகச் சாப்பிட்டாள்.

ஏழாம் மாதம் ஒரு காலையில் அவர் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டார். சின்னப் பிள்ளை மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதார். அக்கா நோட்டை மூடிவிட்டுக் கடைக்குக் கிளம்பிப் போனாள். அன்றைக்குப் பச்சை வெல்வெட் துணி ஒன்றை ஒரு சாண் குறைவாக வெட்டிவிட்டாள். முதலாளி துணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நாளைக்கு எல்லாவற்றுக்கும் டிக் போட்டுவிடலாம் என்று பஸ்ஸில் முடிவு செய்தாள். வீட்டுக்கு வந்து மேசையையும் சுவரையும் பார்த்தாள். மறுநாள் காலையில் ஏழு டிக், எழுபத்துமூன்று கோடு.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை, மகள் வந்தாள். அப்பா இடது கையால் கடிதம் எழுதி வைத்திருப்பதைப் பார்த்தாள். நாலு வரி, உடல்நிலை காரணமாக விலகிக்கொள்கிறேன் என்று. கையெழுத்து மட்டும் போடவில்லை. அவளுக்கு அப்பாமேல் பாசம் என்று பெரிதாக எதுவும் கிடையாது, ஆனாலும் பார்க்கச் சங்கடமாக இருந்தது. நான் ஒரு தடவை கேட்கிறேன், படிங்கப்பா என்றாள். வேலை செய்கிற இடத்தில் நாள் முழுக்க ஆங்கிலம் பேசுகிறவள், அவள் காதுக்குத் தப்பு தப்பாது.

வாத்தியார் படித்தார். பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு, எண்பதையும் படித்தார். எல்லாம் சரி. இரண்டே இடத்தில் தயங்கினார், அதுவும் கடைசியில் சரியாகவே வந்தது. அக்கா சமையலறை வாசலில் ஈரக்கையோடு வந்து நின்றிருந்தாள்.

"அப்பா, எல்லாமே சரியாத்தானே சொல்றீங்க," என்றாள் மகள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. பெண்டாட்டியைப் பார்த்தார். "உனக்குத் தெரியாதும்மா. உங்க அம்மாவைக் கேளு. அவளுக்குத்தான் தெரியும்."

கல்யாணமான நாளிலிருந்து அக்காவுக்கு ஏதாவது தெரியும் என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அக்கா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். இப்போது மகள் சொன்னதை ஆமாம் என்று சொன்னால் போதும், கடிதத்தைக் கிழித்துப் போடலாம், திங்கட்கிழமை மனுஷன் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். சாயங்காலம் வீட்டுக்கும் வருவார்.

மகள் மேசையிலிருந்த நோட்டை எடுத்துப் புரட்டினாள். நேற்றுப் பக்கம், போன வாரம், போன மாதம். புரட்டப் புரட்ட அவள் கை மெதுவாகியது. தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். அக்கா பார்வையைத் தாழ்த்தவில்லை. என்ன செய்யப்போகிறாய் செய்துகொள் என்பது போல நின்றாள். இத்தனை மாதமும் வராத பயம் இப்போதுதான் வந்தது.

"சரியா?" என்றார் வாத்தியார், இரண்டு பேரையும் பார்த்து.

மகள் நோட்டை மூடினாள். மேசையைச் சுற்றி வந்து அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவருடைய வலது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இல்லப்பா," என்றாள். "உங்க மனசு நோகக்கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னேன். நிறைய தப்பா வருது. அம்மா போட்டிருக்கறதுதான் சரி."

வாத்தியார் தலையை ஆட்டினார். அவர் முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது. கடிதத்தைத் தன் பக்கம் இழுத்து, மகள் காட்டிய இடத்தில் இடது கையால் கையெழுத்துப் போட்டார்.

"நல்லவேளை, நீங்க ரெண்டு பேரும் இருக்கீங்க," என்றார். "இல்லேன்னா அங்க போய் அத்தனை பிள்ளைங்க முன்னாடி அவமானப்பட்டிருப்பேன்."

மகள் கடிதத்தை மடித்து உறையில் போட்டு ஒட்டினாள். தலைமையாசிரியை வீடு பஸ்ஸுக்குப் போகிற வழிதானே, நானே கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.